முதல் கோட்டுக்கு முன்னால்

எங்கள் வீட்டுக்குக் கட்டடப் படம் கீறித் தந்த அக்கா இப்போது இல்லை. அவரிடம் முதன்முதலாகப் போன நாளில், காணி எத்தனை பேர்ச், எத்தனை அறை வேண்டும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. கதிரைகளைக் காட்டி எங்களை இருக்கச் சொல்லிவிட்டு, "உங்கட வீட்டில ஆர் முதல் எழும்புறது?" என்றார்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் இயக்குபவர். சொந்த வீடு என்ற எண்ணம் வந்த நாளிலிருந்து கைபேசியில் வீட்டுப் படங்களாகச் சேர்த்து வைத்திருந்தார். வெள்ளைச் சுவர், கூரை வரை கண்ணாடி, நடுவே ஒரு மரம், இப்படி எத்தனையோ. நூறு வருசம் நிற்க வேண்டும், எந்தக் காலத்திலும் பழசாகத் தெரியக் கூடாது என்பது அவருடைய ஆசை. அந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் கைபேசியை நீட்டினார். அக்கா தன் கழுத்தில் கயிற்றில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு படத்தையும் விடாமல் பொறுமையாகப் பார்த்து முடித்தார்.

"வடிவா இருக்கு தம்பி. ஆனா இதில ஒண்டிலயும் ஆக்கள் இல்லையே."

பிறகு என் பக்கம் திரும்பி அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். நான்தான் என்றேன். எத்தனை மணிக்கு, எழும்பியதும் முதலில் எங்கே போவேன், யாரை எழுப்பிவிடுவேனோ என்று பயந்து நடப்பேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வாடகை வீட்டு விறாந்தையில் படுக்கும் மாமியை, கணவரின் தாயை, கடந்துதான் நான் அடுப்பு மூட்டக் குசினிக்குப் போக வேண்டும். அதற்காகக் கலியாணம் முடித்த நாள் முதல் செருப்பில்லாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி நடந்து வருகிறேன். அப்படி நடக்கிறேன் என்பதே அவர் கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிக்கொண்டார். அன்றைக்கு ஒரு கோடுகூடப் போடவில்லை. அதற்கடுத்த இரண்டு முறையும் அப்படித்தான்.

அரச அலுவலகம் ஒன்றில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். உட்துறைமுக வீதியிலிருந்து பிரிகிற ஒழுங்கை ஒன்றில், இரண்டு அறை வாடகை வீட்டில் தனியாக இருந்தார். ஒரு அறையில் கட்டில், மற்றதில் படம் கீறும் பெரிய மேசை. கலியாணம் செய்யவில்லை. நரைமயிரைக் கழுத்தோடு வெட்டியிருப்பார். ஊரில் அவருக்குப் 'பிளான் அக்கா' என்று பெயர். அந்தப் பெயருக்குள் மரியாதையும் இருந்தது, கேலியும் இருந்தது.

மரியாதை, அவர் பார்த்துக் கட்டுவித்த வீடுகளில் வெடிப்பு விழுவதில்லை என்பதற்காக. கடல் மூன்று பக்கமும் சூழ்ந்த எங்கள் ஊரில் வீட்டுக்கு முதல் எதிரி உப்பு. மணல் லொறி வந்து நின்றால், இறக்க விடமாட்டார். ஏறி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார். எங்கள் வளவிலேயே மூன்று லொறி மணலைத் திருப்பி அனுப்பினார். உப்பு உள்ளே போனால் கம்பி கறள் பிடிக்கும், கம்பி கறள் பிடித்தால் வீடு உள்ளுக்குள்ளேயே செத்துவிடும், வெளியில் பூசிப் பூசி ஒரு பிரயோசனமும் இல்லை என்பார். தம்பலகாமத்திலிருந்து வந்த எங்கள் மேசன் முதல் நாள் முணுமுணுத்தார். நாலாவது லொறி வந்தபோது அக்கா வரும்முன்பே அவரே நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு இறக்கச் சொன்னார்.

கேலி, அந்தக் கேள்விகளுக்காக.

ஒருநாள் நான் போயிருந்தபோது எனக்கு முன்னால் கிண்ணியாவிலிருந்து ஒரு கணவன் மனைவி வந்து இருந்தார்கள். கணவர் கட்டாரில் பல வருசம் வேலை செய்துவிட்டு வந்தவர். நல்ல மனிதர், கேட்டதற்கெல்லாம் சுறுசுறுப்பாகப் பதில் சொன்னார். அக்கா மனைவியைப் பார்த்து, பகலில் வீட்டில் தனியாக இருக்கும் நேரத்தில் எந்த இடத்தில் இருக்கப் பிடிக்கும் என்று கேட்டார். அதற்கும் கணவரே பதில் சொன்னார். அக்கா பென்சிலை மேசையில் வைத்தார்.

"நான் அவவிட்டக் கேட்டனான்."

துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, றோட்டில் போகிற வருகிற ஆட்களைப் பார்க்கத் தனக்கு விருப்பம், ஆனால் தன்னை ஒருவரும் பார்க்கக் கூடாது என்று மெல்லிய குரலில் சொன்னாள். கணவர் ஆச்சரியத்தோடு அவளைப் பார்த்தார். எட்டு வருசத்தில் தன்னிடம் இதைச் சொன்னதே இல்லை என்றார். நீங்கள் கேட்டதில்லையே என்று அவள் சொல்லவில்லை. தலையைக் குனிந்து சிரித்தாள். அந்த வீட்டின் முன் அறையில் சீமெந்தால் கண்கண்ணாகப் போட்ட ஒரு தடுப்பும் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கக்கூடிய கட்டும் கட்டினார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

எல்லாம் இப்படி நல்லதாக முடியவில்லை. உவர்மலைப் பக்கம் ஒரு தம்பதி அவருடைய கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்லச் சண்டை பிடித்து, வீடே வேண்டாம் என்று காணியை விற்றுவிட்டுத் தனித்தனியே போய்விட்டார்கள். கட்டமுதல் இடிக்கிற மனுசி என்று அதற்குப் பிறகு சிலர் சொன்னார்கள். அது அவர் காதுக்கும் போயிருக்கும். அவர் கேட்பதை நிறுத்தவில்லை.

முதல் கோடு போடமுதல், எங்கள் வாடகை வீட்டுக்கு ஒருநாள் விடியக் காலமை வந்தார். குசினி மூலையில் ஒரு கதிரையைப் போட்டு, பொழுதுபடும்வரை இருந்தார். தேத்தண்ணி கொடுத்தால் குடித்தார், கதை குறைவு. இரவு வேலை முடித்து வந்த என் கணவர், பகல் வெளிச்சத்துக்குக் கண்ணில் சாரத்தைக் கட்டிக்கொண்டு புரண்டு படுப்பதைப் பார்த்தார். மாமி கக்கூசுக்குப் போகும் வழியில் மூன்று இடத்தில் நின்று சுவரைப் பிடிப்பதைப் பார்த்தார். பின்னேரம் போல, மாமியின் பக்கத்தில் போய் இருந்து, ஒரு பீடிகையும் இல்லாமல் கேட்டார்.

"அம்மா, உங்களைப் புது வீட்டில எந்த இடத்தில வளத்த வேணும்?"

அத்திவாரம் வெட்டாத வீட்டில் பிணத்தை வளர்த்திக் கிடத்தும் இடத்தைக் கேட்கிறாரே என்று திடுக்கிட்டேன். மாமி எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார். இந்த மனுசியிடம் இனிமேல் போகக் கூடாது என்று கணவர் சொன்னார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

மூன்றாம் நாள், நான் மரக்கறி வெட்டிக்கொண்டு இருக்கும்போது மாமி வந்து பக்கத்தில் இருந்தார். மாமா யுத்தம் நடந்த பிரச்சினைக் காலத்தில் சூடுபட்டுச் செத்தவர். காலமை விழுந்தவரைப் பின்னேரம்வரை எடுக்க விடவில்லை. றோட்டில் கிடந்தார், போகிற வருகிற வாகனத்தில் இருந்தவர்களெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு போனார்கள். இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் கதைப்பதில்லை. மாமி சொன்னார்: "அந்தப் படம் கீறுற பிள்ளையிட்டச் சொல்லு. என்னை றோட்டுக்குத் தெரியாமல் வளத்த வேணும். உள்ளுக்கு."

நான் போய்ச் சொன்னேன். அக்கா கொப்பியில் எழுதவில்லை. அந்த நாள்தான் புதுத் தாள் ஒன்றை மேசையில் விரித்து முதல் கோட்டைப் போட்டார். வாசலால் வந்ததும் ஒரு திருப்பம், திருப்பத்துக்குப் பின்னால் பெரிய விறாந்தை. வெளியில் இருந்து எந்தக் கண்ணும் போகாது. வீட்டின் நடு அதுதான். மற்ற எல்லாம் அதைச் சுற்றித்தான் வந்தன. கணவர் பகலில் நித்திரை கொள்ள ஒரு இருட்டு அறை. மாமி பிடித்து நடக்க, கட்டிலிலிருந்து கக்கூஸ்வரை தடங்கலில்லாத ஒரு சுவர். என் குசினிக்கு யாரையும் கடக்காத வழி. கணவர் கேட்ட கண்ணாடியும் மரமும் அதில் இருக்கவில்லை. ஆனால் அவர் அந்தத் தாளில் ஒவ்வொரு அறையாக விரலால் தொட்டுப் பார்த்தார். "இது நாங்கள்தான்" என்று மட்டும் சொன்னார்.

சுவர்கள் யன்னல் மட்டத்துக்கு எழும்பியபோதுதான் அந்தத் தகராறு வந்தது. படத்தில் பின்பக்கம் இரண்டு கதவுகள் இருந்தன. குசினிக்கு ஒன்று, மாமியின் அறைக்கு ஒன்று. இரண்டு எதற்கு, களவுக்கு வழி வைப்பதுபோல் இருக்கிறது, மாமியின் அறைக் கதவை விட்டுவிட்டு யன்னலாக வைப்போம் என்று கணவர் சொன்னார். எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லுகிற அக்கா அன்றைக்கு விளக்கவில்லை. ஏலாது என்றார். கணவர் சிரித்துக்கொண்டே திரும்பக் கேட்டார். அக்காவின் கை நடுங்கத் தொடங்கியது. படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, கதவை மூடினால் இந்த வீட்டுக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்து போய்விட்டார்.

அடுத்த நாள் சனிக்கிழமை, ஆசிரியையான எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மத்தியானம் நான் வளவுக்குப் போனபோது கல் அடுக்கின் மேல் அக்கா தனியே இருந்தார். மேசன்மார் சாப்பிடப் போயிருந்தார்கள். கச்சான் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு போனது. நான் பக்கத்தில் இருந்தேன். நான் ஒன்றும் கேட்காமலே அவர் சொல்லத் தொடங்கினார்.

அவருக்கு ஒரே ஒரு தங்கச்சி. தாய் தகப்பன் போன பிறகு அவர்தான் வளர்த்துக் கலியாணம் செய்து வைத்தார். சண்டையை நிறுத்திச் சமாதானம் என்று சொன்ன அந்த ஒன்றிரண்டு வருசத்தில், நகரத்துக்கு வடக்கே கடலோரமாகத் தங்கச்சியின் சீதனக் காணியில் ஒரு வீடு கட்டிக் கொடுத்தார். அந்த இடத்தில் இப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். ஊரின் பெயரை நான் எழுதவில்லை. அவர் அதுவரை கற்ற எல்லாவற்றையும் அந்த வீட்டில் போட்டார். ஆற்று மணல், கம்பிக்கும் பூச்சுக்கும் இடையில் இரண்டு விரல் கனம், பாறைவரை போன அத்திவாரம். தங்கச்சிக்கே தெரியாமல் கீறி, ஒரு பிறந்தநாளுக்குப் படத்தைக் கையில் கொடுத்தாராம். வீடு முழுவதும் கடலைப் பார்த்திருக்கும். முன்கதவு, குசினிக் கதவு, விறாந்தை எல்லாம் கடல் பக்கம். பின்பக்கம் ஒரே நீளச் சுவர், உயரத்தில் சின்னச் சின்னக் காற்றுத் துவாரங்கள் மட்டும். அந்தச் சுவரின் சுத்தமான வடிவுக்காகவே இரண்டு நாள் யோசித்ததாகச் சொன்னார். யன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. அந்தக் காலத்துப் பயம் அப்படி.

சுனாமி வந்த காலமை தங்கச்சியும் நாலு வயது மகளும் வீட்டுக்குள் இருந்தார்கள். தங்கச்சியின் புருசன் சந்தைக்குப் போயிருந்தார். பின்பக்கம் காணி உயர்ந்து மேட்டு வீதியில் முடியும். அக்கம்பக்கத்துக் குடிசைகளில் இருந்தவர்கள் பின்னால் பாய்ந்து வீதிக்கு ஏறித் தப்பினார்கள். அந்தக் குடிசைகளில் ஒரு தடிகூட மிஞ்சவில்லை.

"அவளின்ர வீடு அப்பிடியே நிண்டது ரீச்சர். ஒரு வெடிப்பில்ல. கதவெல்லாம் கடல் பக்கம்."

அந்த வருசம் முழுக்கப் பெரிய பெரிய ஆட்களெல்லாம் வாகனத்தில் வந்து அந்த வீட்டைப் பார்த்தார்களாம். எத்தனையோ வீடு விழுந்த இடத்தில் இது மட்டும் எப்படி நின்றது என்று. கட்டிய முறையை விளக்கச் சொல்லி அவரைக் கூட்டிப்போகக் கேட்டார்கள். கைகொடுத்துப் பாராட்டினார்கள். அவர் ஒருமுறையும் போகவில்லை. மைத்துனர் வீட்டை விற்றுவிட்டு வெளிநாடு போனார். வாங்கியவர்கள் யார் என்றுகூட அவர் விசாரிக்கவில்லை.

"ஊரில எல்லாரிட்டயும் கேக்கிறன். அவளிட்ட மட்டும் நான் ஒண்டும் கேக்கேல்ல. என்ர தங்கச்சிதானே, எனக்குத் தெரியாததே எண்டு நினைச்சன்."

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அவர் அதை விலக்கவில்லை. மேசன்மார் திரும்பி வந்ததும் எழும்பி, வழமைபோலத் தூக்குநூலைப் பிடித்துச் சுவர் நேரா என்று பார்க்கப் போனார். கணவரிடம் அன்று பின்னேரம் சொன்னேன். மாமியின் அறைக் கதவைப் பற்றி அதன்பிறகு எங்கள் வீட்டில் ஒரு கதையும் இல்லை.

சீமெந்து கிடைக்காத காலம் ஒன்று நடுவில் வந்தது. ஏழெட்டு மாதம் வேலை நின்றது. கூரையில்லாத சுவர்களுக்குள் மழை பெய்தது. அக்கா கிழமைக்கு ஒருமுறை வந்து, நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளுக்குச் சீமெந்துப் பாலைத் தடவிப் பழந்துணி சுற்றிவிட்டுப் போவார். கடைசியில் குடிபுகுந்தோம். பால் காய்ச்சிய அன்று அவர் வரவில்லை. மறுநாள் வந்து, முன்வாசலால் ஏறாமல் வீட்டை ஒருமுறை சுற்றி நடந்து பார்த்து, மாமியோடு கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு கை நடுக்கம் கூடியது. நரம்பு வருத்தம் என்றார்கள். கோடு கோணலாகப் போகத் தொடங்கியதும் படம் கீறுவதை நிறுத்திக்கொண்டார். நான் கிழமையில் ஒருநாள் பள்ளிக்கூடம் முடிந்து போய்ப் பார்ப்பேன். ஒருநாள் போனபோது மேசையில் பழைய படச்சுருள் ஒன்று கிடந்தது. மஞ்சளாகிப் போன தாள். தங்கச்சியின் வீட்டில் இப்போது இருக்கும் பெண், பழைய படங்கள் வைத்திருக்கும் கந்தோர் ஆள் என்று யாரோ கொடுத்த இலக்கத்துக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறாள். பக்கத்தில் ஒரு அறை கூட்டிக் கட்ட அனுமதி கேட்டதற்குப் பழைய படம் வேண்டும் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம். அனுப்பிவிட்டால் போதும் என்றேன். அவர் தலையாட்டினார். பிறகு, "நீங்கள் என்னோட வருவீங்களே?" என்று கேட்டார்.

ஓட்டோவில் போனோம். மடியில் படச்சுருளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். வாசல் படலையில் இறங்கியதும் நின்றுவிட்டார். நான் வீட்டைப் பார்த்தேன். வடிவான வீடு. கணவர் கைபேசியில் சேர்த்த எந்தப் படத்தையும்விட வடிவு. இத்தனை வருசம் கழிந்தும் நேற்றுக் கட்டியதுபோல, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றது. உள்ளேயிருந்து முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். புருசன் கடலுக்குப் போகிறவன். வந்தவர்தான் அந்த வீட்டைக் கீறியவர் என்று அவளுக்குத் தெரியாது; கந்தோரிலிருந்து படம் கொண்டு வந்தவர் என்று நினைத்து மரியாதையாகக் கூட்டிப்போனாள். நல்ல வீடு, மழைக்கு ஒரு ஒழுக்கில்லை, ஒரு வெடிப்பில்லை என்று சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தாள்.

விறாந்தையைக் கடந்து குசினிக்குள் போனதும் அக்கா என் தோளைப் பிடித்தார்.

பின்சுவரில் ஒரு கதவு இருந்தது. சுவரைச் சம்மட்டியால் உடைத்து, பலகையில் அடித்துப் பொருத்தியிருந்தார்கள். ஓரங்கள் பூசாமல் கல்லும் சாந்தும் தெரிந்தன. ஒரு பக்கம் சரிந்திருந்தது. திறந்து கிடந்த அந்தக் கதவுக்கு வெளியே ஒரு பைப்படி, கழுவி வைத்த மீன்சட்டி, அதற்கப்பால் மேடாக ஏறிப்போகும் நிலம்.

இது எப்போது என்று அக்கா கேட்டார்.

"நாங்கள் வந்த கிழமையே உடைச்சது" என்றாள் அவள். "இவர் மீன் கொண்டு வந்தா வீட்டைச் சுத்திக் கொண்டுபோய்க் கழுவ ஏலுமே? கட்டினவை குசினிக்குள்ள போகாத ஆக்கள் போல."

"ஓம்" என்றார் அக்கா. "போகாத ஆள்தான்."

"உடைச்சது பிழையோ? கந்தோரில ஏதும் சொல்லுவினமோ?"

"பிழை இல்லை."

குசினி மேசையில் படத்தை விரிக்கச் சொன்னார். நான் ஒரு ஓரத்தையும் அந்தப் பெண் மற்ற ஓரத்தையும் பிடித்தோம். பின்சுவரைக் காட்டும் நீளக் கோட்டில், கதவு இருக்கும் இடத்தை அழிறப்பரால் அழித்தார். தாள் பழசு, கிழிந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. பிறகு பென்சிலை எடுத்து, இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, கதவைக் கீறினார். கோடு நடுங்கித்தான் வந்தது. மேலே பாரம் தாங்க ஒரு பீம் போடாமல் விட்டால் மாரி மழைக்கு அந்த இடத்தில் வெடிக்கும், மேசனைக் கூப்பிட்டு முதல் அதைச் செய்யுங்கள் என்று அந்தப் பெண்ணிடம் இரண்டுதரம் சொன்னார். தாளின் மூலையில், கீறியவர் என்ற இடத்தில் அவருடைய பழைய கையெழுத்து இருந்தது. பெண்ணின் பெயரைக் கேட்டு, அதை எழுத்துக் கூட்டிக் கேட்டு, தன் பெயருக்குக் கீழே எழுதினார். அவள் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

விடைபெறும்போது அக்கா முன்வாசலுக்குத் திரும்பவில்லை. அந்தப் பின்கதவால் இறங்கினார். பைப்படியைத் தாண்டி, மேட்டில் மெல்ல ஏறத் தொடங்கினார். பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். நான் பின்னால் போனேன்.

வீதியில் ஏறியதும் திரும்பி நின்றார். அங்கிருந்து வீட்டின் கூரையும், அதற்கு முன்னால் கடலும் தெரிந்தன. கடல் அன்றைக்கு அசையாமல் கிடந்தது.

"அந்தக் கதவால இஞ்ச ஏறி வர எவ்வளவு நேரம் எடுத்தது ரீச்சர்?"

நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கத் தேவையுமில்லை. பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் அவர் கேட்டுவிட்டார். கேட்டால் உண்மையான பதில் வேண்டும் என்பவர் அவர்.

"ஒரு நிமிசம் அக்கா. அதுக்கும் குறைய."

அவர் வீதியோரத்து மைல்கல்லில் இருந்தார். நான் கையால் அவருடைய தலைக்கு வெயில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றேன். கீழே அந்தப் பெண் பைப்படியில் குந்தியிருந்து மீன் வெட்டத் தொடங்கியிருந்தாள்.